இடது ஆறு, வலது ஐந்து

பிரட்டுக்களத்தில் பூட்ஸ் கொடுத்தார்கள்.
எல்லாம் ஒன்பதாம் நம்பர்.
எங்கோ ஒரு ஆபீஸில்
ஒரு ஆம்பளைக் காலை அளந்துவிட்டு
நூற்றிப் பதினாறு பேருக்கும் அதுதான் என்று
கணக்கை முடித்திருக்கிறார்கள்.
குதிக்குப் பழைய சேலைத்துணி,
நுனிக்குப் பேப்பர்.
அப்படியும் கானைத் தாண்டும்போது
நான் அந்தப் பக்கம், பூட்ஸ் இந்தப் பக்கம்.
இருந்த இடைவெளியில்
அட்டைகள் வாடகையில்லாமல் குடியிருந்தன.

சம்பளம் எடுத்த சனிக்கிழமை
ஹட்டனுக்கு பஸ் ஏறினேன்.
மார்க்கெட் பின்சந்தில் நவ்ஃபரின் கடை.
காற்றுக்குக் கதவு அடிக்காமலிருக்க
ஒற்றைச் சப்பாத்து ஒன்றை முட்டுக்கொடுத்திருந்தார்.
கெண்டைக்கால் உயரம், பிளாஸ்டிக்,
பக்கத்தில் நாலு இரும்புக் கொக்கி.
வெளிநாட்டுத் துணிமூட்டைக்குள் கிடந்ததாம்.
பனிமலையில் சறுக்கிப் போகிறவர்கள் போடுவதாம்.
"குதி தூக்கவே கூடாது.
கொஞ்சம் தளர்ந்தாலும் ஆள் கவிழும்.
அளவெடுக்கவே அரைநாள் ஆகுமாம்."

சறுக்குகிறவர்களுக்கே அரைநாளா?
எனக்குச் சறுக்காமல் இருக்க வேணும் என்றேன்.

அவர் சிரிக்கவில்லை.
தரையில் கடுதாசி விரித்து
வெறுங்காலோடு ஏறச் சொன்னார்.
சேற்றுப்புண், நகம் போன சுண்டுவிரல்,
கரண்டையில் அட்டை கடித்த புள்ளிகள்,
எல்லாம் டியூப்லைட் வெளிச்சத்தில்.
பென்சில் பாதத்தைச் சுற்றி வந்தபோது கூசியது.
என் கொழுந்தை நாளுக்கு மூணு தரம் நிறுக்கிறார்கள்.
காலை அளந்தது
இதுதான் முதல் தரம்.

"இடது ஆறு, வலது ஐந்து" என்றார்.
பிழை என்றேன்.
திரும்பவும் அளந்தார், அதே கணக்கு.
ஏழாம் நம்பர் மலையின் சரிவுதான்
ஒரு காலை இழுத்து நீட்டியிருக்குமோ?
இருக்கலாம்.
பிறவியாகவும் இருக்கலாம்.

மேசோடு போடச் சொன்னார்.
"விரல் முட்டுதா?"
முட்டுது.
"முழங்காலை மடக்குங்க. இப்ப?"
இப்ப இல்லை.
"அப்ப சரி."
சரியில்லை என்றேன்.
சும்மா நிற்பதற்கு யார் பூட்ஸ் வாங்குவா?
மாடிக்கு ஏறும் படியைக் காட்டி
ஒரு சாக்கு கேட்டேன்.
ரப்பர் செருப்பை அதில் நிரப்பித் தந்தார்.
கயிற்றைத் தலையில் மாட்டி
பதினாலு படி ஏறினேன்,
பதினாலு படி இறங்கினேன்.
ஏறும்போது எந்தப் பூட்ஸும் நல்ல பூட்ஸ்தான்.
இறங்கும்போதுதான் அதன் குணம் தெரியும்.
தேங்காய் வாங்க வந்த ரெண்டு பேர்
வாசலில் நின்று பார்த்தார்கள்.
பார்க்கட்டும்.
குதி அசையவில்லை.

ரெண்டு பெட்டியைப் பிரித்து ஒரு சோடி கட்டினார்.
மிச்சம்
இடது ஐந்து, வலது ஆறு.
"அதை யாருக்கு விப்பீங்க?"
"உங்களை மாதிரி, மாறிப் பிறந்த
ஒருத்தி வராமலா போவா?" என்றார்.
ஆனாலும் இருநூறு ரூபாய் கூடக் கேட்டார்.
நூறுக்கு இறங்கினார்.

திங்கட்கிழமை கானைத் தாண்டினேன்.
நானும் பூட்ஸும் ஒரே பக்கம்.
சொல்வதற்கு அவ்வளவுதான் இருந்திருக்க வேண்டும்.
ஆனால் அன்றிலிருந்து
பிரட்டில் பேர் கூப்பிடும்போது
எனக்கு ஒரு முகமும் தெரிவதில்லை.
பாக்கியநாயகிக்கு ரெண்டும் நேர்.
கொடிமலருக்கு விரல்தான் நீளம், பாதம் சின்னது.
தவக்கனி மட்டும்
எப்போதும் வலது பக்கம் சாய்ந்து நிற்கிறாள்.
கேட்டால் இடுப்புவலி என்பாள்.

நேற்று நிறுவைக் கொட்டிலில்
சேறான பூட்ஸைக் கழற்றிவிட்டு
ஈரக்காலோடு சிமெந்தில் நடந்து போனாள்.
கூடையை இறக்கி வைத்தேன்.
தடம் காயும் முன்னே குனிந்து
ஒரு சாண், நாலு விரல்.
மற்றது ஒரு சாண், நாலு விரல்,
இன்னும் கொஞ்சம்.

அந்தக் கொஞ்சம்
ஒரு நம்பர் இருக்குமா என்று
பார்ப்பதற்குள்
காய்ந்துவிட்டது.